குறைந்த விலையும் நிறைந்த இன்பமும்

இன்பம் யாருக்கு உரியது என்னும் வினா மிகப் பழமையானது. உண்டு, உடுத்து, உறங்குதலோடு வாழ்க்கை நிறைவுறுமாயின் இவ்வினா எழுவதற்கே இடமில்லை. வயிறு நிறைந்த பின்னரும் கண் ஒன்றைத் தேடுகின்றது. செவி ஒன்றை நாடுகின்றது. அழகியதொன்றைக் கண்டு சற்றே நிற்க மனம் விழைகின்றது. அவ்விழைவை நிறைவு செய்துகொள்ளும் உரிமை பொருள் படைத்தவர்க்கு மட்டுமே உண்டா, அன்றி உழைத்து உண்பவர்க்கும் உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இதற்கு இருவகை விடைகள் மலேசியத் தமிழரிடையே வழங்கி வருகின்றன. கலையும் அழகும் ஓய்வும் வசதி உடையோரின் உடைமைகள் என்பது ஒன்று. ஏழைக்கு இன்பம் எதற்கு, காசைச் சேர்த்துப் பிள்ளையைப் படிக்க வைப்பதே போதும் என்பது மற்றொன்று. முன்னது செல்வரின் செருக்கு. பின்னது வறுமையில் அடிபட்ட பெரியோரின் அச்சம். இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும், இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. இன்பம் என்பது பணம் கொடுத்து வாங்கப்படும் பண்டம் என்று இரண்டும் ஒருசேர நம்புகின்றன. அந்நம்பிக்கை சரியானதா?

புலன் என்னும் வாயில்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்கள் உண்டு என்பார். செல்வம் அவற்றுள் ஒன்றே. புலனும் புணர்ச்சியும் விளையாட்டும் ஏனைய மூன்று. புலன் என்பதற்குக் கல்வியின் பயனாக வரும் அறிவு என்று உரைகாரர் பொருள் கண்டனர். ஆகவே செல்வம் இன்பத்திற்கு ஒரு வாயிலே. ஒரே வாயில் அன்று. பொருள் இல்லாதவன் புலன் என்னும் வாயில் வழியே உவகைக்குள் நுழையலாம். புலனும் இல்லையெனில், பொருள் உடையவனும் ஓவியக் கூடத்தில் கண் திறந்தபடியே குருடனாக நடப்பான்.

கலையும் அங்காடியும் தனித்தனி உலகங்கள் என்பதும் பழந்தமிழர் கொள்கை அன்று. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பாண்டியனின் பெருமையைப் பாடப் புகுந்தபோது, பகற்கடையாகிய நாளங்காடியையும் இரவுக்கடையாகிய அல்லங்காடியையும் விரித்துப் பாடினார். பூவும் சுண்ணமும் வெற்றிலையும் விற்போர் அரண்மனையோடு ஒருங்கே காட்சி தருகின்றனர். நகரத்தின் அழகு அரசன் மாடத்தில் மட்டும் இல்லை, தெருவிலும் இருக்கின்றது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளில் மாலை தோறும் விளக்கேற்றிக் கூடும் இரவுச் சந்தைகளைக் காணும் தமிழாசிரியர்க்கு அல்லங்காடி நினைவிற்கு வாராதிராது.

ஒரு விடுமுறை நாள்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழும் ஓர் எளிய குடும்பத்தின் விடுமுறை நாளைக் கருதிப் பார்ப்போமாயின் இவ்வுண்மை தெளிவாகும். காலையில் அவர்கள் ஓர் ஒட்டுக்கடையில் அமர்கின்றனர். ரொட்டி சானாய் செய்பவர் சிறிய மாவுருண்டையைக் கையால் தட்டி, காற்றில் வீசி, மெல்லிய துணி போல விரித்து, மடித்துக் கல்லில் இடுகின்றார். பக்கத்தில் ஒருவர் தே தாரேக்கை ஒரு குவளையினின்று மற்றொன்றிற்கு நீண்ட இழையாக ஆற்றி நுரை எழுப்புகின்றார். பிள்ளைகள் வாய்திறந்து பார்க்கின்றனர். ஆடலரங்கில் காணும் கைத்திறனுக்கும் இதற்கும் இடையே உள்ள வேறுபாடு அளவில்தான், தன்மையில் இல்லை.

அங்கிருந்து ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலுக்குச் செல்கின்றனர். சிற்பியின் உளி பேசும் அவ்விடத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. பின்னர் கே.எல். சென்ட்ரலில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினால் பசார் செனி. பாத்திக் துணியில் மெழுகால் கோடிடும் கலைஞரையும், வாவ் என்னும் மலாய்க் காற்றாடியின் வண்ணங்களையும் பார்ப்பதற்குக் காசு வேண்டுவதில்லை. மாலையில் மின்தொடர்வண்டியில் கிள்ளான் சென்றால், தெங்கு கிளானா சாலையில் பட்டின் நிறமும் மல்லிகையின் மணமும் வடை பொரியும் ஓசையும் ஒருங்கே வரவேற்கின்றன. அந்நகரின் பாக் குட் தே என்னும் சீனக் குழம்பு, துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளரின் உணவாக வளர்ந்தது என்பர். அதுவே 2024ஆம் ஆண்டு நாட்டின் மரபு உணவுகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கூலியாளின் கிண்ணத்தில் இருந்ததும் பண்பாடுதான் என்பதை நாடு ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

அக்குடும்பம் செல்லாத இடம் ஒன்று உண்டு. 1958ஆம் ஆண்டு துங்கு அப்துல் ரகுமான் காலத்தில் தோன்றிய தேசியக் கலைக்கூடம் இன்று துன் ரசாக் சாலையில் இருக்கின்றது. தமிழகத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னையில் ஓவியம் பயின்று, மலேசிய ஓவியத்தில் தமக்கென ஓர் இடம் பெற்ற சையத் தாஜுதீன் போன்றோர் இந்நாட்டில் உள்ளனர் என்பதைத் தமிழ் மாணவர் பலர் அறியார். கலைக்கூடத்தின் வாயிலில் அவர்களைத் தடுப்பார் இலர். அஃது எங்களுக்கான இடம் அன்று என்னும் எண்ணமே தடுக்கின்றது. பணக்குறை அன்று, புலனின் வாயில் திறக்கப்படாமையே இங்குக் காரணம்.

முன்னோரின் அச்சம்

இனி, இன்பம் ஏழைக்கு ஆகாது என்று அஞ்சிய பெரியோரின் கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. அவர்கள் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, வாளி சுமந்து, கிடைத்த கூலியின் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்ணால் கண்டவர்கள். மலிவான இன்பம் என்றால் அவர்களுக்குக் கள்ளே நினைவிற்கு வந்தது. பல தோட்டங்களில் அக்கடை தொழிலாளியின் வீட்டிற்கு அருகிலேயே இருந்தது. அவன் பிள்ளையின் பள்ளியோ பெயரளவில் இருந்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகள் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும் மருத்துவ வசதியும் வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். துரைமார்க்கும் அதிகாரிகளுக்கும் முன்னால் மிதிவண்டியினின்று இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்றும் கேட்டனர். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் இன்பத்தை வெறுத்தவர்கள் அல்லர். திருவிழாவில் உறுமி முழக்கியவர்களும், விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களும் அவர்களே. தன்னை மறக்கச் செய்யும் இன்பத்தை வேண்டாம் என்று, தலை நிமிர்ந்து மிதிவண்டியில் செல்லும் இன்பத்தை அவர்கள் வேண்டினர். மயக்கும் இன்பம் வேறு, விழிப்பூட்டும் இன்பம் வேறு என்னும் பாகுபாட்டை அவர்கள் ஏட்டில் எழுதவில்லை. உயிரைக் கொடுத்து உணர்த்தினர். ஆதலின் மலிவு என்பதே ஓர் இன்பத்திற்குச் சிறப்பும் ஆகாது, இழிவும் ஆகாது. அது மனிதனை உயர்த்துகின்றதா, தாழ்த்துகின்றதா என்பதே கேட்கத்தக்கது.

யாருடைய செலவில்?

இதனினும் கடினமான வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. உண்பவனுக்குக் குறைந்த விலை என்றால், அக்குறையை ஏற்பவர் யார்? வாழையிலைச் சாப்பாட்டைக் குறைந்த செலவில் உண்டு மகிழ்ந்து எழுபவர், உள்ளே பாத்திரம் கழுவுபவரைக் காண்பதில்லை. அவர் தமிழகத்திலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ கடன்பட்டு வந்தவராக இருக்கலாம். தம் குழந்தையின் முகத்தை ஆண்டுக்கணக்கில் காணாதவராகவும் இருக்கலாம். அவர் ஊதியத்தில் குறைக்கப்பட்டதே உண்பவரின் கையில் மிச்சமாக நிற்குமாயின், அது மலிவு அன்று, பிறர் பொருள்.

எனினும் குறைந்த விலை அனைத்தும் அநீதியின் விளைவு என்று கூறுதல் தவறு. சிறிய இடம், குறைந்த வாடகை, குடும்பத்தினரின் உழைப்பு, ஆடம்பரம் இன்மை, நாள்தோறும் வரும் பலரால் நிரவப்படும் இலாபம் ஆகியவற்றாலும் விலை குறையும். அத்தகைய மலிவு எளிமையின் கொடை. உழைப்பவனின் கூலியை அறுத்து வருவதோ வேறு. இரண்டும் உண்பவன் கையில் ஒரே விலையாகத் தோன்றும்; அறத்தின் முன் ஒன்றாக மாட்டா.

சட்டம் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்துள்ளது. 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம், 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வாரத்திற்கு 48 மணி என்றிருந்த வேலைநேர வரம்பு 2023ஆம் ஆண்டு முதல் 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் சட்டம் எட்டாத அடுப்படிகளும் உண்டு. தேநீரின் விலை பத்துக் காசு கூடினால் முணுமுணுப்பவர், அதை ஆற்றித் தருபவரின் கூலி கூடியதா என்று கேட்பதில்லை.

விலை உயர்ந்தால் ஏழை எங்கே உண்பான் என்று இங்கே ஒரு தடை எழலாம். நியாயமான தடையே. ஓர் ஏழையின் உணவிற்காக மற்றோர் ஏழையை வருத்துவதே வழி என்றால் அது வழியன்று என்பதே அதற்கு விடை. வாடகையும் இடைத்தரகும் வீண்பகட்டும் குறையட்டும். கூலி குறைய வேண்டா. பையிலே பணமிருந்தும் நடைபாதையில் பூ விற்கும் முதியவளிடம் ஒரு முழத்திற்குப் பேரம் பேசிவிட்டு, பெரிய வணிக மாளிகையில் ஒட்டிய விலையை வாய் திறவாமல் கொடுத்து வருபவர் தம்மைச் சிக்கனக்காரர் என்று எண்ணிக்கொள்வது எவ்வாறு பொருந்தும்?

சந்தை காட்சியாகும்போது

உழைப்பவனை மறத்தல் அடுப்படியில் மட்டும் நிகழ்வதில்லை. சில வேளைகளில் ஓர் இடம் முழுவதுமே அவ்வாறு மறக்கப்படும். பசார் செனியின் வரலாறு இதற்குச் சான்று. 1888ஆம் ஆண்டு மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தையாகத் தொடங்கிய அது, 1937ஆம் ஆண்டு இன்றுள்ள கட்டட வடிவத்தைப் பெற்றது. பின்னர் இடிக்கப்படும் நிலை வந்தபோது, மரபுக் காப்பாளரின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, 1986இல் கலை, கைவினைப் பொருள்களின் கூடமாயிற்று. கட்டடம் பிழைத்தது நன்றே. ஆயின் கூடையோடு விடியலில் வந்த இல்லத்தரசிக்கும் மீன் வெட்டிய தொழிலாளிக்கும் அங்கே பின்னர் வேலை இல்லாமற் போயிற்று. சந்தை என்னும் பெயர் நின்றது; சந்தைக்கு உரியோர் வேறிடம் சென்றனர்.

இந்நிலை மலேசியாவிற்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் லா பொக்கேரியா என்னும் புகழ்வாய்ந்த சந்தை உண்டு. உலகெங்கும் இருந்து அதனைக் காண வந்தோர் கூட்டத்தால், அன்றாடம் மீனும் பழமும் வாங்க வந்த ஊர்மக்களுக்கே வழியில்லாமற் போயிற்று. 2015ஆம் ஆண்டு அந்நகராட்சி, வார இறுதியின் நெரிசலான வேளைகளில் பெருங்குழுக்களாகச் சுற்றுலாப் பயணிகள் நுழைவதைத் தடை செய்ய நேர்ந்தது. அதே நாட்டின் மத்ரித் நகரில் பிராதோ கலைக்கூடம், நாள்தோறும் மூடுவதற்கு முந்திய இரண்டு மணி நேரம் எவரையும் கட்டணமின்றி அனுமதிக்கின்றது. வேலை முடித்து வரும் எளியவனும் பேரோவியர் கோயா தீட்டியவற்றின் முன் நிற்கலாம். ஒரு நகரம் தன் சந்தையை ஊரார்க்கு மீட்டுத் தர முயன்றது. மற்றொன்று தன் கலைச் செல்வத்தின் கதவை எளியோர்க்குத் திறந்தது. இரண்டும் ஓர் அறத்தின் இரு முகங்கள்.

பிரிக்பீல்ட்ஸின் கதையும் எண்ணத்தக்கது. 1881ஆம் ஆண்டின் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் மீண்டும் கட்ட முற்பட்ட காலத்தில், சூளைகள் நிறைந்த இடம் அது. பெயரும் அதனாலேயே வந்தது. பின்னர் அங்கே இரயில்வே தொழிலாளர் குடியேறினர். அவருள் தமிழர் பலர். இரயில் பெட்டிகள் நின்ற வெளியில் 2001ஆம் ஆண்டு கே.எல். சென்ட்ரல் எழுந்தது. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் அவ்வட்டாரத்தை லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைத்தனர். வண்ண வளைவுகள் வந்தன, வணிகமும் வளர்ந்தது. இரயில்வேக்காரர் வாழ்ந்த பழங்குடியிருப்புகளோ மறைந்தன. வளைவை வியப்பவர், அதன் கீழ்ச் செங்கல் சுட்டவரையும் தண்டவாளம் இட்டவரையும் நினையாராயின் அவ்வியப்பு அரைகுறையானதே.

உரைகல்

இதுவரை கண்டவற்றினின்று ஓர் உரைகல் கிடைக்கின்றது. ஓர் இன்பத்தை ஆக்கித் தருபவர் அவ்வின்பத்தினின்று விலக்கப்படாதிருப்பாராயின், அது நல்லின்பம். அவர் விலக்கப்படுவாராயின், நுகர்வோன் எத்துணை நுண்ணிய சுவைஞனாயினும் அவன் இன்பத்தில் குறை உண்டு. தோட்டத்துக் கூத்தில் ஆடியவனும் பார்த்தவனும் ஒரே லயத்து மக்கள். தைப்பூச நாளில் பத்துமலை வழியெங்கும் அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களில், கொடுப்பவர் இன்று கொடுப்பார். தாகம் எடுத்தால் தாமும் அடுத்த பந்தலில் பெறுவார். 1981ஆம் ஆண்டு சுவாமி சாந்தானந்த சரசுவதி கோலாலம்பூரில் தொடங்கிய நுண்கலை ஆலயம் பிரிக்பீல்ட்ஸில் ஆடலும் இசையும் கற்பித்து வருகின்றது. அவ்வியக்கத்தின் அன்னலட்சுமி உணவகம், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பசிக்கேற்ப உண்டு மனத்திற்கேற்பக் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டது. அங்கே விலையை முடிவு செய்வது உண்பவரின் மனச்சான்று. எல்லாக் கடைகளும் அவ்வாறு நடத்தல் இயலாது. ஆனால் எந்தக் கடையில் உண்பவரும் அம்மனச்சான்றை உடன் கொண்டு செல்லலாம்.

ஆசிரியர்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மாணவனுக்குப் புலன் என்னும் வாயிலைத் திறப்பவர் அவரே. ஒரு வகுப்பைத் தேசியக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்லுதல், ஓவியத்தின் முன் பத்து நிமிடம் பேசாது நிற்கப் பழக்குதல், மறுநாள் கண்டதை எழுதச் செய்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. அதே வகுப்பைச் சந்தைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். பொருள்களின் பெயர்களை எழுதுவதோடு நில்லாது, அவற்றை விற்பவர் எப்போது எழுந்தார், எந்நேரம் வீடு திரும்புவார், வாரத்தில் எந்நாள் ஓய்வு என்று மாணவன் பணிவோடு கேட்டு எழுதி வரவேண்டும். கலைக்கூடம் அவன் கண்ணைத் திறக்கும். சந்தை அக்கண்ணுக்கு ஈரத்தைத் தரும்.

தெங்கு கிளானா சாலையில் நடைபாதை ஓரம் அமர்ந்து பூக் கட்டும் ஒரு பெண்ணைக் கருதுக. அவள் விரல்கள் நாரை வளைத்து, மொட்டுகளை இரண்டிரண்டாக அடுக்கி முடிச்சிடும் விரைவைக் கண் தொடர முடிவதில்லை. கலையும் சந்தையும் மலிவும் அவள் மடியில் ஒன்றாகக் கிடக்கின்றன. அவள் கட்டிய சரத்தை வாங்கிச் சூடுபவளுக்கு அது சில ரிங்கிட் இன்பம். மாலையில் கடை எடுக்கும்போது அவளும் ஒரு சரத்தைத் தன் மகளுக்கெனக் கொண்டு செல்ல இயலுமா? சூடிய மகளோடு ஒரு ஞாயிறு தலை நிமிர்ந்து கலைக்கூடத்தின் படியேற இயலுமா? இவற்றிற்கு ஆம் என்னும் விடை கிடைக்கும் நாளில், குறைந்த விலையில் கிடைத்த இன்பம் குறையற்ற இன்பமாகும். அந்நாளை அருகில் கொணர்தல், அவளிடம் பூ வாங்கும் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.